காதுக்கு வாங்கிய ஆட்டங்கள்

பார்வையற்றோர் கிரிக்கெட்டில் பந்து வெள்ளை பிளாஸ்டிக்கில் இருக்கும். உள்ளே பால்ரஸ் குண்டுகள் கிடக்கும். உருளும்வரை சலசலக்கும். நின்றுவிட்டால் அந்தப் பந்து உலகத்திலேயே இல்லை. துரத்திப் போனவரின் காலுக்கு ஒரு சாண் தள்ளிக் கிடந்தாலும் அவர் குனிந்து தரையைத் துழாவ வேண்டியதுதான். காதால் ஆடும் எல்லா ஆட்டத்துக்கும் இதுவே அடிப்படை விதி. அசையாத, முனகாத, மூச்சு விடாத எதுவும் இருப்பதாகக் கணக்கில்லை. பெரம்பலூர் புதிய பேருந்து நிலையத்தில் உறுமிக்கொண்டு நிற்கும் பேருந்தால் எனக்கு ஒரு தொல்லையும் கிடையாது. எங்கே நிற்கிறது, மூக்கு எந்தப் பக்கம், கிளம்பப் போகிறதா என்பதெல்லாம் தெரிந்துவிடும். எஞ்சினை அணைத்துவிட்டு ஓட்டுநர் டீ குடிக்கப் போன பேருந்துதான் நெற்றியில் இடிக்கும்.

ஒலி விளையாட்டு என்று சொல்லப்படும் கணினி, கைபேசி ஆட்டங்கள் இந்த விதியின் மேல் எழுந்தவை. திரையில் ஒன்றும் தெரியாது, தெரியத் தேவையும் இல்லை. அந்த உலகத்தில் கதவுக்குக் காற்றின் ஊளை உண்டு, பகைவனுக்கு இரைப்பு உண்டு, சும்மா கிடக்கும் சாவிக்கொத்துக்குக்கூட ஒரு கிணுகிணுப்பு உண்டு. எதையும் ஊமையாக விட்டுவிட்டால் அது நின்றுபோன பந்தாகிவிடும் என்று செய்தவருக்குத் தெரிந்திருக்கிறது.

எங்கள் பக்கத்தில் இந்தப் பேச்சை எடுத்தால் பார்வையுள்ளவர்கள் சொல்வது பெரும்பாலும், “பாவம், அவங்களுக்கும் பொழுது போகணும்ல.” அந்தப் பரிவோடு எனக்குச் சண்டையில்லை, அதை வைத்து ஓர் ஆட்டத்தை எடைபோட முடியாது, அவ்வளவுதான். சரியான கேள்வி, அரியலூரில் கல்லூரியில் படிக்கும் பார்வையற்ற தம்பி ஒருவன் கேட்டது: “அண்ணே, குடுக்குற காசுக்கு வொர்த்தா?”

இதற்கு நான் வைத்திருக்கும் தராசு பல்லாங்குழி. பார்வையில்லாதவருக்காக அதில் எதையும் மாற்ற வேண்டியதில்லை. பதினான்கு குழி, கைநிறையப் புளியங்கொட்டை, விரல் நுனியில் கணக்கு. எதிரில் இருப்பவர் கொட்டைகளைப் போட்டுக்கொண்டு போகும்போது மரக்குழியில் ஒவ்வொன்றும் ‘டக்’கென்று விழும். எத்தனை விழுந்தது, எந்தக் குழியோடு நின்றது, காலிக் குழியில் விழுந்ததா, நிறைந்த குழியில் கொட்டைமேல் கொட்டையாக விழுந்ததா, எல்லாம் காதுக்கு வந்துவிடும். நன்றாக ஆடுகிறவர் எதிராளியின் குழியைத் தொட்டுப் பார்ப்பதே கௌரவக் குறைச்சல் என்று நினைப்பார். காசே இல்லாமல் இத்தனை கிடைக்கும்போது, விலை போட்டு விற்கும் ஆட்டம் இதற்கு மேல் ஏதாவது தந்தாக வேண்டும். என் காது அன்றாடம் செய்யாத ஒரு வேலையை அதற்குக் கொடுக்க வேண்டும்.

காது செய்யும் வேலையைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். சத்தம் இடப்பக்கம் எழுந்தால் இடக்காதுக்கு முதலில் வரும், வலக்காதுக்குப் பிந்தி வரும். அந்தப் பிந்தல் ஒரு விநாடியை ஆயிரமாகப் பங்குபோட்டால் ஒரு பங்குகூடத் தேறாது. மூளைக்கு அது போதும். கீச்சென்ற சத்தமானால் தலையே குறுக்கே நின்று மறுகாதுக்குப் போவதை மங்கலாக்கும். மேலேயா கீழேயா, முன்னாலா பின்னாலா என்பதைச் சொல்வது காதுமடலின் மடிப்புகள். ஒவ்வொரு திசையிலிருந்து வரும் ஒலியையும் அவை ஒவ்வொரு விதமாக நிறம் மாற்றி உள்ளே விடும். அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டி ஏரி 2024-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. பனிக்காலத்தில் வரித்தலை வாத்துகள் வந்து இறங்கும் இடம் அது. கரையில் நின்றால் அவற்றின் கூப்பாடு தலைக்கு மேலே வந்து, பின்னால் நழுவி, தாழ்ந்து, தண்ணீரில் சலக்கென்று முடியும். அந்த வளைகோட்டை என் விரலால் காற்றில் வரைந்து காட்ட முடியும். காதுமடல் செய்யும் உபகாரம் இது.

ஒலி விளையாட்டுக்காரர்கள் இதைத்தான் ஹெட்போனுக்குள் கொண்டுவரப் பார்க்கிறார்கள். பொம்மைத்தலை ஒன்று செய்து, அதன் காதுத் துளைகளில் மைக் வைத்துப் பதிவுசெய்வது ஒரு வழி. காதுமடல் செய்யும் மாற்றத்தைக் கணக்காக எழுதி, ஆடும்போதே ஒவ்வொரு சத்தத்தின் மேலும் ஏற்றுவது மற்றொன்று. இரண்டிலும் ஒரு குறை உண்டு. அந்தக் காது யாரோ ஒருவருடையது; என் மடலின் மடிப்பு வேறு. அதனால் முன்னால் நிற்பவன் பின்னால் நிற்பதாகத் தோன்றிவிடும். நிஜத்தில் இப்படிச் சந்தேகம் வந்தால் தலையைக் கொஞ்சம் திருப்பினால் தீர்ந்துபோகும். ஹெட்போனில் தலையைத் திருப்பினால் உலகமே கூடத் திரும்பிவிடும். கைதேர்ந்தவர்கள் இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறார்கள்: ஆடுகிறவரை அடிக்கடி விசையாலோ விரலாலோ உடம்பைத் திருப்ப வைப்பார்கள். திருப்பும்போது சத்தம் வழுக்கிக்கொண்டு நகரும். நகர்ந்த திசையை வைத்து முன்பின் தெளிந்துவிடும். ஓர் ஆட்டம் நல்லதா என்று பார்க்க நான் முதலில் செய்வது இதைத்தான், ஒரே இடத்தில் நின்று முழு வட்டம் சுற்றுவது. உலகம் என்னைச் சுற்றி ஒழுங்காக வழுக்கினால் மேலே ஆடுவேன். இடமிருந்து வலத்துக்குத் தாவிக் குதித்தால் மூடிவிடுவேன்.

இந்தக் கலையில் ஓர் உச்சம் என்று நான் நினைப்பது லண்டனின் சம்திங் எல்ஸ் நிறுவனம் 2010-ல் ஐபோனுக்கு வெளியிட்ட ‘பாப்பா சாங்ரே’. செத்தவர்களின் நாட்டில் கும்மிருட்டில் நடக்க வேண்டும். திரையின் அடியில் இடது பாதம், வலது பாதம்; இரண்டு கட்டைவிரலால் மாறி மாறித் தட்டினால் நடை. அவசரப்பட்டுத் தட்டினால் கால் பின்னித் தடுக்கிவிழ வேண்டியதுதான். இருட்டில் காத்திருக்கும் மிருகங்களுக்கும் காதுதான் எல்லாம். மற்ற ஆட்டங்களில் சத்தம் எனக்குத் தகவல் சொல்லும். இதில் என் சத்தம் என்னைக் காட்டிக்கொடுக்கிறது. வெறும் பாதத்தை மெல்ல எடுத்து வைக்கும் பயத்தை இரண்டு கட்டைவிரலுக்குள் அடக்கியதை நினைத்தால் இன்றும் வியப்பாக இருக்கிறது. 2013-ல் இரண்டாம் பாகம் வந்தது. ஹாலிவுட் நடிகர் ஷான் பீன் குரல் கொடுத்தார். இரண்டும் இப்போது கடையில் இல்லை. ஆப் கடையில் வாங்கியது புத்தக அலமாரியில் வைத்ததைப் போல நிற்காது. காசு கொடுக்கும்போது மனத்தில் வைக்க வேண்டிய சங்கதி.

காசில்லாமல் தொடங்க நினைப்பவருக்கு எல்லோரும் கைகாட்டுவது பிரான்சின் லியோன் நகரத்து டோவினோ நிறுவனம் 2015-ல் வெளியிட்ட ‘எ பிளைண்ட் லெஜண்ட்’. பார்வையிழந்த வீரன் எட்வர்ட் பிளேக், அவன் கையைப் பிடித்து வழிகாட்டும் மகள் லூயிஸ். மகளின் குரல் வரும் பக்கம் போக வேண்டும். பகைவன் வந்தால் திரையில் விரலை இழுத்து வாள் வீச வேண்டும். காட்டின் சத்தமும் குதிரைக் குளம்பும் அழகாகப் பதிவாகியிருக்கின்றன. எனக்கு இதில் ஒரு மனத்தாங்கல் உண்டு. வழி தேடும் வேலையை அந்தப் பிள்ளையே செய்துவிடுகிறாள். அவள் குரலைப் பிடித்துக்கொண்டு போனால் போதும், காட்டை நான் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. சண்டையும் பாதிக்கு மேல் ஒன்றுபோல ஆகிவிடுகிறது. கைபேசியில் இது இலவசம். உயிர் தீர்ந்தால் காத்திருக்க வேண்டும், அல்லது காசு கட்டி உயிர் வாங்க வேண்டும். காத்திருங்கள் என்பேன்.

காசு கொடுத்து வாங்கத் தகுந்தது எது என்று ஒன்றே ஒன்றைச் சொல்லச் சொன்னால், கனடாவின் ஃபாலிங் ஸ்குவிரல் நிறுவனம் 2021-ல் வெளியிட்ட ‘தி வேல்’ என்பேன். பிறவியிலேயே பார்வையில்லாத இளவரசி அலெக்ஸ். எல்லைக்கோட்டைக்கு அனுப்பப்படுகிறாள், வழியில் படை தாக்குகிறது, ஓர் ஆட்டிடையனோடு ஊர் திரும்ப வேண்டும். கதை பழைய பாணிதான். வேலைப்பாடு வேறு தரம்.

அதன் சண்டையை மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். எதிரி இடம், நேர், வலம் என்று மூன்று பக்கத்திலிருந்து வருவான். வீசுவதற்கு முன் ஒரு முக்கல், அல்லது கவசத்தின் உரசல், அல்லது காலைத் தேய்த்து ஊன்றும் ஒலி. அந்தப் பக்கம் கேடயத்தைத் திருப்ப வேண்டும், தடுத்த மறுநொடியில் திருப்பி அடிக்க வேண்டும். வாள் எதில் பட்டது என்பதை அந்த ஓசை சொல்லிவிடுகிறது. ஆள் தள்ளாடுகிறானா என்பதை அவன் மூச்சு சொல்லிவிடுகிறது. எவ்வளவு தள்ளி நிற்கிறான் என்பதை இரண்டும் சேர்ந்து சொல்லிவிடுகின்றன. ‘இடப்பக்கம் பகைவன், இரண்டடி’ என்று நடுவில் யாரும் அறிவிப்பதில்லை. அரியலூர்ச் சாலையில் சிமென்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிப்போகும் டிப்பர் லாரியைக் கேட்டுப் பழகியவனுக்கு இதன் அருமை விளங்கும். காலி லாரியின் தொட்டி ஒவ்வொரு குழிக்கும் தடதடவென்று அதிரும். லோடு ஏறியது கியர் மாற்றும்போது அடிவயிற்றிலிருந்து முனகும். எந்த லாரி, எவ்வளவு வேகம், ஓரம் ஒதுங்க நேரமிருக்கிறதா என்ற மூன்று செய்தியும் ஒரே சத்தத்தில் வந்துவிடும். இந்தச் சிக்கனம் ஆட்டத்தில் கிடைப்பது அபூர்வம். பல ஆட்டங்களில் ஒரு செய்திக்கு ஒரு ‘பீப்’ என்று அடுக்கிக்கொண்டே போவார்கள். கொஞ்ச நேரத்தில் மைக்ரோவேவ் அடுப்புக்கடைக்குள் மாட்டிக்கொண்ட எரிச்சல் வரும்.

‘தி வேல்’ செய்தவர்கள் கனடாவின் தேசியப் பார்வையற்றோர் நிறுவனத்தோடு கலந்து பேசித்தான் இதைச் செய்தார்கள். கதாநாயகியின் மேல் ஒரு துளி இரக்கமும் பூசப்படவில்லை. அவள் வாயாடி. ஆட்டிடையன் வழியிலிருப்பதை வருணிக்கத் தொடங்கினால் அவளே கிண்டலடிக்கிறாள். ஐந்தாறு மணி நேரத்தில் முடிந்துவிடுகிற ஆட்டம்தான், வெளிவந்தபோது விலை 19.99 டாலர். பல்லாங்குழித் தராசில் வைத்தேன். வாங்கலாம் என்று முள் சாய்ந்தது.

பெரிய நிறுவனங்களும் இப்போது இந்தப் பக்கம் வந்திருக்கின்றன. 2020-ல் வந்த ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ் பாகம் 2’ பார்வையுள்ளவர்களுக்கான ஆட்டம்தான். அதற்குள் அறுபதுக்கும் மேற்பட்ட அணுகல் வசதிகளைச் சேர்த்திருந்தார்கள். ஒரு விசையை அமுக்கினால் போக வேண்டிய திசைக்கு உடம்பு திரும்பிக்கொள்ளும், பக்கத்தில் எதிரி இருந்தால் ஓர் ஒலி, பொருள் இருந்தால் வேறோர் ஒலி. 2023-ல் ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6’ எதிரியின் தூரத்தை ஒலியாலேயே சொன்னது. அதே ஆண்டு ‘ஃபோர்ஸா மோட்டார்ஸ்போர்ட்’டில் பார்வையில்லாதவர் கார் ஓட்டும் ஏற்பாடு வந்தது, அதற்கு ஆலோசனை சொன்னவர் பார்வையற்ற அமெரிக்கரான பிராண்டன் கோல். மறுஆண்டே அவர் மறைந்தது ஓர் இழப்பு. இவை எல்லாம் மதிக்கத்தக்க வேலை. ஆனால் இவை ஓடும் விளையாட்டுப் பெட்டியின் விலை எங்கள் ஊரில் ஒரு கறவை மாட்டின் விலை. பால் கறக்காத மாட்டை வாங்கச் சொல்லி நான் யாரையும் தூண்டப்போவதில்லை.

அசல் ஒலி விளையாட்டின் பெருமையே ஓட்டைக் கணினியிலும் ஓடுவதுதான். படம் வரையும் வேலை இல்லாததால் கிராபிக்ஸ் கார்டு வேண்டாம். 2011-ல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினி வீட்டில் கிடந்தாலும் பழைய ஆட்டங்கள் பலவற்றுக்கு அது போதும். அதைப் பேசவைக்க என்விடிஏ இருக்கிறது. மைக்கேல் கரன், ஜேம்ஸ் டே என்ற பார்வையற்ற ஆஸ்திரேலிய நண்பர்கள் 2006-ல் தொடங்கி வளர்த்த திரைவாசிப்பான் அது, இலவசம். அதற்குப் பிறகு காசில்லாமலே நாளை ஓட்டலாம். ‘டாப் ஸ்பீட் 3’-ல் பக்கத்து இருக்கைக்காரர் வளைவைச் சொல்லச் சொல்லக் கார் ஓட்டலாம். குவெண்டின் பிளேரூமில் பல நாட்டுக்காரர்களோடு சீட்டாடலாம். சீட்டாட்டத்துக்குத் திசையொலி எதுவும் வேண்டாம், எதிராளி மனிதனாக இருந்தால் போதும். அது பல்லாங்குழி வகை இன்பம். ஹெட்போன் விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. விலை உயர்ந்தது வேண்டும் என்று சொல்லவில்லை, ஒயர் வைத்தது வேண்டும். புளூடூத்தில் சத்தம் கொஞ்சம் பிந்தித்தான் வரும். பாட்டுக்குத் தெரியாது, வாள்சண்டையில் அதற்குள் தலை போயிருக்கும். கைபேசியின் ஸ்பீக்கரில் ஆடுவதோ, சாம்பாரை முகர்ந்து பார்த்துவிட்டு எழுந்திருப்பது.

வாங்கும் வழியும் ஒரு தனி ஆட்டம். ஓர் இணையக்கடையில் காசு கட்டும் பக்கத்தில் பொத்தானுக்குப் பெயரே வைக்காமல் விட்டிருந்தார்கள். என் திரைவாசிப்பான் “பட்டன், பட்டன், பட்டன்” என்று சொல்லிக்கொண்டே போனது. பார்வையில்லாதவருக்கென்று ஆட்டத்தை விற்கிற கடை! பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டு முடித்தேன்.

இனி உண்மையான தடைக்கு வருகிறேன். அது விலையும் இல்லை, பெட்டியும் இல்லை. மொழி. ‘தி வேல்’ முழுக்கப் பேச்சு, அதுவும் அரச சபை ஆங்கிலம். ‘மானமான்’ என்று 2016-ல் வந்த நல்ல ஆட்டம் ஒன்று, மிருகங்களைப் பிடித்துப் பழக்கிப் போருக்கு அனுப்புவது. அதில் பக்கம் பக்கமாக ஆங்கிலம் வாசிக்கப்படுவதைக் கேட்க வேண்டும். திருச்சி புத்தூரில் இருக்கும் பார்வையற்ற பெண்களுக்கான அரசுப் பள்ளியிலோ தஞ்சாவூர்ப் பள்ளியிலோ தமிழில் படித்து வந்த பிள்ளைக்கு ஆட்டத்தின் காது வேலை தெரியும். இளவரசி அடித்த ஜோக் புரியாது. படம் பார்க்கிறவன் மொழி தெரியாமலும் ஓர் ஆட்டத்தை ஆடிவிடுவான். காதால் ஆடுகிறவனுக்குப் பேச்சுதான் படம். எனவே தம்பிக்கு நான் சொன்ன பதிலில் ஒரு நிபந்தனை இருந்தது: முன்னோட்டப் பதிப்பையோ யாராவது ஆடிப் பதிந்த ஒலியையோ முதலில் கேள், பேச்சு பிடிபட்டால் வாங்கு. பிடிபடாவிட்டால் அந்தக் காசுக்கு நல்ல ஹெட்போன் வாங்கு.

இதில் எனக்கு வயிற்றெரிச்சல் ஏன் என்றால், காதால் நாடகம் பார்க்கும் பழக்கத்தில் தமிழர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. திருச்சி வானொலி 1939-ல் தொடங்கியது. பெரம்பலூரும் அரியலூரும் அதன் காதுவட்டத்துக்குள் வளர்ந்த ஊர்கள். ஒரு முழுத் திரைப்படத்தை வசனமும் பாட்டுமாக ஒரு மணி நேரத்துக்கு வெட்டி ‘ஒலிச்சித்திரம்’ என்று போடுவார்கள். வீடே உட்கார்ந்து கேட்கும், பார்வையுள்ளவர்களும் அப்போது சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். திருவிழாவில் ஒலிபெருக்கி கட்டினால் ‘திருவிளையாடல்’ கதைவசனம் ஓடும். 1984-ல் ‘விதி’ வந்தபோது அதன் நீதிமன்ற வசனக் கேசட் டீக்கடைதோறும் ஓடியது. வழக்கு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று தெருவில் போகிறவருக்கும் தெரிந்திருக்கும். அந்தச் சபையில் நானும் மற்றவர்களும் ஒரே வரிசை.

இதே சரக்கை ஜப்பானில் ஒருவர் ஆட்டமாக்கினார். கென்ஜி ஏனோ என்பவரின் ஆட்டங்களுக்குப் பார்வையற்ற ரசிகர்கள் இருப்பது அவருக்குத் தெரியவந்தது. அவர்களுக்காகத் திரையில் படமே இல்லாத ‘ரியல் சவுண்ட்: காசே நோ ரிக்ரெட்’ என்ற காதல்கதையை 1997-ல் செகா சாட்டர்ன் பெட்டிக்குச் செய்தார். முக்கியமான இடத்தில் நாடகம் நிற்கும், ஒரு மணியோசை வரும், எந்தப் பக்கம் போவது என்று கேட்பவர் முடிவு சொல்ல வேண்டும். பார்வையற்றோருக்கு 1,000 சாட்டர்ன் பெட்டிகளைச் செகா தானமாகத் தர வேண்டும், அதோடு 1,000 பிரதி ஆட்டத்தைத் தான் தருகிறேன் என்பது அவர் போட்ட நிபந்தனை. அதன் கதைவசனம் யூஜி சகமோட்டோ. 2023-ல் ‘மான்ஸ்டர்’ படத்துக்காகக் கான் விழாவில் திரைக்கதை விருது வாங்கியவர் அவர்தான். வாள் வீச்சு இல்லை, பொம்மைத்தலை மைக் இல்லை. நல்ல எழுத்து, நல்ல குரல், நடுநடுவே ஒரு கேள்வி.

நமக்கும் அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். களம் கூடத் தயாராக இருக்கிறது. பெரம்பலூரிலிருந்து சென்னை நெடுஞ்சாலையில் வடக்கே போனால் ரஞ்சன்குடிக்கோட்டை. 1751-ல் ஆற்காட்டு நவாப் பட்டத்துக்கான போரில் சந்தா சாகிபின் பக்கம் பிரெஞ்சுக்காரரும் முகமது அலியின் பக்கம் ஆங்கிலேயரும் நின்று மோதிய இடம். சந்தா சாகிபின் முகாமிலிருந்து தப்பும் ஒற்றன், அமாவாசை இரவு. வெறும்மண்ணில் கால் பொதபொதக்கும், படிக்கல்லில் சுள்ளென்று கேட்கும், சுவர் நெருங்க நெருங்கத் தன் இருமல் தன்மேலேயே திரும்பி விழும். காவலாளிகள் மூன்று பேர், ஒருவன் வெற்றிலை இடிக்கிறான், ஒருவன் குறட்டை விடுகிறான், மூன்றாமவன் எந்தச் சத்தமும் போடவில்லை. குரல் கொடுக்கக் கோயில் திடலில் விடிய விடிய மைக் முன் நிற்கும் நாடகக்காரர்கள் இருக்கிறார்கள். சந்தா சாகிபின் வசனத்தை அவர்கள் எட்டூருக்குக் கேட்கப் பேசுவார்கள், கொஞ்சம் தணித்துப் பேசச் சொல்லித்தான் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கும். அப்படி ஒன்றை யாராவது செய்தால், முன்னோட்டம் கேட்காமலே வாங்குவேன். அரியலூர்த் தம்பிக்கும் சேர்த்து இரண்டு பிரதி.